தாள் முறிந்ததா, வளைந்ததா?

கண்டாவளைக் கமக்காரன்:

நேற்று முன்தினம் வான்மதியன் என்ற பெயரில் எழுதுபவர் இங்கே ஒரு படம் போட்டிருந்தார். டிரோனில் எடுத்த படம். எங்கள் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வயலில் நெல் வட்டமாகச் சாய்ந்து கிடக்கிறது. படத்தின் கீழே அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், திரித்துவிட்டேன் என்று பிறகு அழக்கூடாது: "இங்கிலாந்தில் வில்ட்ஷையரில் தோன்றும் பயிர்வட்டம் வன்னிக்கும் வந்துவிட்டது. தாள் ஒன்றுகூட முறியவில்லை, வளைந்திருக்கிறது. மனிதனால் ஆகாத காரியம்." அதாவது விண்கலம் இறங்கி நெல்லை வட்டமாகச் சாய்த்துவிட்டதாம். அதற்குக் கைதட்டியவர்களில் என் சொந்த மருமகனும் ஒருவன்.

முப்பத்திரண்டு காலபோகம், மாரி மழை நெல், விதைத்தவன் எழுதுகிறேன். தையில் பெய்யக்கூடாத மழை பெய்தது. கதிர் முற்றித் தலை கனத்து நின்ற நேரம். காற்றும் சேர்ந்துகொண்டது. நெல் படுத்துவிட்டது. இதற்குள் விண்கலம் எங்கிருந்து வந்தது? சாய்ந்த நெல்லின் தாள் வளையத்தான் செய்யும். பச்சைத் தாளை முறித்துப் பாருங்கள், முறிகிறதா என்று. இது எங்கள் வீட்டு ஆட்டுக்குத் தெரியும்.

வான்மதியன்:

அண்ணை, மரியாதையாகவே கேட்கிறேன். மழைக்குச் சாய்ந்தால் வயல் முழுவதும் சாய்ந்திருக்க வேண்டும். அந்த ஓர் இடம் மட்டும் ஏன்? அதுவும் ஏன் வட்டமாக? சுற்றிவர நெல் நிமிர்ந்து நிற்கிறது. நீங்கள் பார்த்தது படத்தை. நான் வயலுக்குள் இறங்கிப் பார்த்தேன். தாள் முறியவில்லை, கணுவில் வளைந்திருந்தது. 1994இல் லெவன்குட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு தாவர உடலியல் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்: வட்டத்துக்குள் கிடந்த தாள்களின் கணுக்கள் வெளியில் நின்றவற்றைவிட நீண்டிருந்தன. பலகையால் மிதித்தால் கணு நீளுமா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

இருவரும் சற்றுப் பொறுங்கள். பயிர்வட்டம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? சாய்ந்த பயிர் எல்லாம் பயிர்வட்டமா? வட்டமாக இருந்தால் போதுமா, கணித ஒழுங்குள்ள உருவமாக இருக்க வேண்டுமா? வரையறை இல்லாமல் தொடங்கும் வாதம் வரம்பில்லாத வயலில் தண்ணீர் கட்டுவதைப் போன்றது.

குளக்கட்டுக் குரங்கு:

கண்டாவளையில் இறங்கிய வேற்றுக்கிரகவாசிக்கு யூரியா கிடைத்ததா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். அங்கே என்ன விலை என்றும் கேளுங்கள்.

கண்டாவளைக் கமக்காரன்:

வாத்தியார், வரையறையைப் பிறகு பார்ப்போம். தம்பி வான்மதியன் "ஆய்வாளர்" என்று ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார், அதற்கு முதலில் பதில்.

இந்தக் கதையின் அடி எங்கே தெரியுமா? இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் டக் போவர், டேவ் சோர்லி என்று இரண்டு நண்பர்கள். மாலையில் மதுச்சாலையில் குந்தியிருந்து பேசிக்கொண்டவர்கள். டக் முன்பு சில வருடங்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தவர். 1966இல் அங்கே குயின்ஸ்லாந்தில், டலி என்ற ஊருக்குப் பக்கத்தில், சதுப்பு நிலத்தில் கோரை வட்டமாகப் படுத்துக் கிடந்தது. அங்கிருந்து ஒரு தட்டு மேலே எழும்பிப் போனதைக் கண்டதாக ஒரு வாழைத்தோட்டக்காரர் சொன்னார். "பறக்கும் தட்டின் கூடு" என்று பத்திரிகைகள் எழுதின. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் 1978இல் ஹாம்ப்ஷையரில் இறங்கினார்கள். ஒரு பலகை, ஒரு கயிறு, நேர்கோடு பிடிக்கத் தொப்பியில் கட்டிய ஒரு கம்பி வளையம். ஆயுதம் அவ்வளவுதான். பதின்மூன்று வருடங்களில் இருநூறுக்கு மேல் வட்டம் போட்டார்கள். 1991 செப்டம்பரில் 'டுடே' என்ற பத்திரிகையில் தாங்களே வந்து சொன்னார்கள்.

இதில் ருசி எங்கே என்றால், பத்திரிகைக்காரர்களுக்காக அவர்கள் போட்டுக்காட்டிய வட்டத்தைப் பாட் டெல்காடோ என்ற பெரிய நிபுணர் வந்து பார்த்து, இது மனிதன் செய்ததே அல்ல என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் 1989இல் கொலின் அன்ட்ரூஸ் என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றிப் புத்தகமே போட்டவர். உண்மை தெரிந்ததும் ஏமாந்துபோனதாக ஒப்புக்கொண்டார். அந்த மனிதரிடம் இருந்த நேர்மை இங்கே சிலரிடம் இல்லை. பெயர் சொல்லவில்லை, டிரோன் வைத்திருப்பவர்.

வான்மதியன்:

பெயர் சொல்லாமல் சொல்லும் வித்தை நன்று. கணுவுக்கு என்ன பதில்?

இரண்டு கிழவர்கள் இருநூறு வட்டம் போட்டார்கள், சரி. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, அவையும் அவர்களா? 2001இல் வில்ட்ஷையரில் மில்க் ஹில் என்ற குன்றின் மேல் 409 வட்டங்கள் சேர்ந்த ஒரே உருவம். குறுக்களவு இருநூறு மீட்டருக்கு மேல். ஓர் இரவில். 1996இல் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழைய கற்சின்னத்துக்கு எதிரே 151 வட்டங்கள், பட்டப்பகலில் முக்கால் மணித்தியாலத்துக்குள். பலகையும் கயிறுமாம்.

தாள் முறியவில்லை. முறியவில்லை. முறியவில்லை.

முள்ளியவளை – சுவிண்டன்:

வணக்கம். நான் பிறந்தது முள்ளியவளை, பத்தொன்பது வருடங்களாக இருப்பது சுவிண்டனில். வில்ட்ஷையர் என் வீட்டு முற்றம். இங்கே வில்ட்ஷையரை நேரில் பார்க்காதவர்கள் வில்ட்ஷையரைப் பற்றி எழுதுவதைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

2008இல் பார்பரி காஸில் என்ற பழைய மண்கோட்டைக்குக் கீழே ஒரு வட்டம் வந்தது. அதில் பை என்ற எண்ணின் முதல் பத்து இலக்கங்கள் படிப்படியாக வரையப்பட்டிருந்தன. ஒரு வானியற்பியலாளர்தான் அதை வாசித்துச் சொன்னார். நானும் பிள்ளைகளும் போய்ப் பார்த்தோம். வேறொரு வட்டத்துக்குப் போனபோது வயல்காரர் வாசலில் உண்டியல் வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் மிதித்தது வட்டத்தைவிட அதிகம். வந்தவர்கள் பாதிப்பேர் நடுவில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். எனக்குத் தும்மல் மட்டும் வந்தது.

கோதுமை வயலில் உழவு இயந்திரச் சக்கரம் போவதற்கென்று இடைவெளி விட்டிருப்பார்கள். மருந்தடிக்க, பசளை போட. அந்தத் தடத்தில் நடந்தால் கால்தடமே தெரியாது. செய்பவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். நான் கண்ட வட்டங்கள் எல்லாவற்றையும் அந்தத் தடம் தொட்டுக்கொண்டு போனது.

வான்மதியன்:

அப்படிச் சொல்லுங்கள் அண்ணா! மிக்க நன்றி. கண்டாவளையில் வீசி விதைத்த வயல். சக்கரத்தடம் கிடையாது. சேறு. ஒருவர் நடந்தால் நெல்லுக்குள் வழி பிளந்து தெரியும். என் படத்தை உருப்பெருக்கிப் பாருங்கள், வழி எங்கே? ஆகவே மனிதன் உள்ளே போகவில்லை. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

கண்டாவளைக் கமக்காரன்:

மனிதன் போனான் என்று நான் எங்கே சொன்னேன்? முதல் வரியிலேயே மழை என்று எழுதியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாதவருக்கு டிரோன் எதற்கு?

வான்மதியன்:

அப்படியானால் அந்த இரண்டு கிழவர்களின் கதையை ஏன் அரைப்பக்கம் எழுதினீர்கள்? ஒன்றில் மழை என்று சொல்லுங்கள், ஒன்றில் பலகை என்று சொல்லுங்கள்.

கண்டாவளைக் கமக்காரன்:

இங்கிலாந்தில் பலகை. இங்கே மழை. இதைப் புரிந்துகொள்ள என்ன கஷ்டம்?

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

அதனால்தான் வரையறை கேட்டேன். இரண்டும் வேறு வேறு பொருள்கள். 1678இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு துண்டுப் பிரசுரம் இருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் ஒரு பணக்கார விவசாயிக்கும் அறுவடைக் கூலியாளுக்கும் கூலிப் பேச்சில் தகராறு. உனக்குக் கொடுப்பதைவிடப் பேயே வந்து வெட்டட்டும் என்று விவசாயி சொன்னாராம். அன்றிரவு ஓட்ஸ் வயல் தீப்பற்றியது போலத் தெரிந்ததாம், காலையில் பார்த்தால் மனிதன் வெட்ட முடியாத நேர்த்தியில் வெட்டிக் கிடந்ததாம். படத்தில் பேய் அரிவாளுடன் நிற்கிறது. இதையும் பயிர்வட்டத்தின் மூதாதை என்கிறார்கள். ஆனால் அங்கே பயிர் வெட்டப்பட்டது, சாய்க்கப்படவில்லை.

குளக்கட்டுக் குரங்கு:

அந்தப் பேயின் தொலைபேசி இலக்கம் கிடைக்குமா? இந்த வருடம் அரிவி வெட்டுக்கு ஆள் இல்லை.

வான்மதியன்:

வாத்தியார் நல்ல இடத்தைத் தொட்டார். வெட்டியது வேறு, முறித்தது வேறு, வளைந்தது வேறு. கண்டாவளையில் வளைந்திருக்கிறது. கணுவில்.

நெடுங்கேணிப் பிள்ளை:

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்லலாமா? கணு, கணு என்று அத்தனை பேரும் எழுதுகிறீர்கள், கணு என்ன செய்யும் என்று ஒருவரும் எழுதவில்லை.

நெல், கோதுமை, வாற்கோதுமை எல்லாம் புல் குடும்பம். உயிருள்ள பச்சைத் தாளைக் கிடத்தினால் அது சும்மா கிடக்காது. கணுவின் கீழ்ப்பக்கத்தில் ஓக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பு திரளும். அந்தப் பக்கத்துக் கலங்கள் நீளும். மேல்பக்கம் நீளாது. அதனால் தாள் கணுவில் மடங்கித் தலையை மேலே தூக்கும். புவியீர்ப்பை உணர்ந்து நிமிர்வது. ஓரிரு நாட்களிலேயே கண்ணால் பார்க்கலாம். பலகை கிடத்தினாலும் மழை கிடத்தினாலும் எருமை கிடத்தினாலும் கணு இதைத்தான் செய்யும். ஆகவே நீண்ட கணு, தாள் கிடந்தது என்பதற்குச் சாட்சி. கிடத்தியவர் யார் என்பதற்குச் சாட்சி அல்ல.

கண்டாவளைக் கமக்காரன்:

தங்கச்சி, நூறு வருடம் இரு! இதைத்தான் எங்கள் ஐயா "சாய்ந்த நெல் கழுத்தைத் தூக்கும்" என்று சொல்லுவார். ஓக்சின் என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வான்மதியன், கேட்டீரா? முடிந்தது கதை.

வான்மதியன்:

முடியவில்லை. தங்கச்சி சொன்னது பச்சைத் தாளுக்கு. அண்ணை முதலில் எழுதியது என்ன? "கதிர் முற்றித் தலை கனத்து நின்ற நேரம்." முற்றிய தாள் பச்சையா? முற்றிய தாள் முறியும். இது முறியவில்லை. அப்படியானால் ஏதோ ஒரு வெப்பம் தாளை இளக்கியிருக்கிறது. நுண்ணலை என்று லெவன்குட்டின் ஆட்கள் சொல்வதும் அதைத்தான்.

நெடுங்கேணிப் பிள்ளை:

கதிர் முற்றும்போது அடித்தாள் பச்சையாகத்தான் இருக்கும். வயலுக்குப் போனவர் நீங்கள்தானே, பார்க்கவில்லையா? அந்த 1994ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றியும் ஒன்று. அதைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் எடுத்த முதல் குறை, மாதிரி எடுத்தவர்களுக்கு எது வட்டத்துக்குள் இருந்த தாள், எது வெளியில் இருந்த தாள் என்று முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். தெரிந்துகொண்டு அளந்தால் அளவுகோலும் கொஞ்சம் நீளும்.

நாவற்குழியான்:

வன்னியில் ஒரு வயல் சாய்ந்ததற்கு நான்கு நாட்களாகப் பேச்சு. எங்கள் பக்கம் மழை வெள்ளத்தில் முழு வயலும் அழுகிக் கிடக்கிறது, ஒருவரும் டிரோன் விடவில்லை. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை போலும்.

கண்டாவளைக் கமக்காரன்:

வாருங்கள், உங்களைத்தான் காணவில்லை என்று பார்த்தோம். அந்தக் காட்டுக்குள் இருக்கும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகலாமா என்று கேட்டபோது காடு இனித்ததோ?

நாவற்குழியான்:

குடிக்கக் கேட்டதற்கு அணைக்கட்டில் நின்று கொடி பிடித்தவர்கள் பேசும் பேச்சு இது.

கண்டாவளைக் கமக்காரன்:

கோடையில், சிறுபோகத்தில், குளம் வற்றும்போது எங்கள் பயிர் எதைக் குடிக்கும்? கேட்டவர்களில் ஒருவராவது சிறுபோகத் தண்ணீர்க் கூட்டத்தில் வந்து குந்தியிருக்கிறார்களா? ஏக்கர்க் கணக்குப் பிரிக்கும்போது நடக்கும் சண்டையைப் பார்த்திருக்கிறார்களா?

முள்ளியவளை – சுவிண்டன்:

தலைப்பு பயிர்வட்டம்.

கண்டாவளைக் கமக்காரன்:

தலைப்பு எனக்குத் தெரியும், தொடங்கியவனே நான்தான். சுவிண்டனில் இருந்து ஒழுங்கு படிப்பிக்க வேண்டாம்.

குளக்கட்டுக் குரங்கு:

வேற்றுக்கிரகவாசிகள் கண்டாவளையில் இறங்கியது தண்ணீர் கேட்கத்தான் என்று இப்போது விளங்குகிறது.

வான்மதியன்:

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்லி வைக்கிறேன். சென்ற சிறுபோகத்தில் எங்கள் முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வேறு வாய்க்காலுக்குத் திரும்பியது. திருப்பியவரின் கைத்தடம் எனக்குத் தெரியும். அவர்தான் இன்று அறிவியல் பேசுகிறார்.

கண்டாவளைக் கமக்காரன்:

மண்வெட்டி பிடித்தவன் வாய்க்காலில் நிற்கத்தான் செய்வான். உங்கள் மாமனார் எனக்குத் தரவேண்டிய இரண்டு மூட்டை விதைநெல்லைப் பற்றியும் எழுதட்டுமா? ஆட்டக்காரி இன நெல். சுத்த விதை.

விஷயத்துக்கு வருகிறேன். ஏன் அந்த இடம் மட்டும், ஏன் வட்டம் என்று கேட்டீர். பதில் சொல்லாமல் வைத்திருந்தேன், நீரே கண்டுபிடிப்பீர் என்று. சென்ற சிறுபோகம் வெட்டிய பிறகு அந்த வயலில் மாட்டுப் பட்டி அடைத்திருந்தார்கள். ஒன்றரை மாதம். எழுபது எண்பது மாடு. சாணமும் மூத்திரமும் ஊறிய இடம். அங்கே விதைத்த நெல் கறுத்துக் கொழுத்து, மற்றதைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. கொழுத்த நெல்லின் தாள் மெல்லியது, முதலில் அதுதான் படுக்கும். பட்டி நின்ற வடிவில் நெல் படுத்தது. வழியும் இல்லை, கால்தடமும் இல்லை. கதை அவ்வளவுதான்.

வான்மதியன்:

பட்டி சதுரம்.

கண்டாவளைக் கமக்காரன்:

என்ன?

வான்மதியன்:

எங்கள் ஊரில் பட்டியைச் சதுரமாகத்தான் அடைப்பார்கள். படத்தில் இருப்பது வட்டம்.

கண்டாவளைக் கமக்காரன்:

அலம்பலும் முள்ளும் வைத்து வளைத்துக் கட்டுவது எந்தக் காலத்தில் சதுரமானது? மூலை வைத்தால் மாடு மூலைக்குள் நெரிபடும், கன்று மிதிபடும். பட்டி வட்டம். மாடு வைத்திராதவர் பட்டிக்கு வடிவம் சொல்லக்கூடாது.

முள்ளியவளை – சுவிண்டன்:

எங்கள் அப்பப்பாவின் பட்டி நீள்சதுரமாகத்தான் இருந்தது. கம்பிவேலி.

கண்டாவளைக் கமக்காரன்:

கம்பிவேலி போட்டதற்குப் பெயர் பட்டி அல்ல, பண்ணை.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

பட்டிக்கும் வரையறை வேண்டியிருக்கிறது.

நெடுங்கேணிப் பிள்ளை:

பட்டி எந்த வடிவமாயினும், பசளை மிகுந்த இடத்தில் நெல் சாய்வது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். அதைவிட, படத்தில் ஓரம் பழுப்பேறித் தெரிகிறது. அறக்கொட்டியான் பூச்சியாகவும் இருக்கலாம். அந்தக் கபிலத் தத்தி அடித்தூரில் குந்திச் சாறு உறிஞ்சினால் நெல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோல் காயும், பிறகு படுக்கும். கொழுத்த நெல்லைத்தான் அதுவும் தேடிப் போகும். தண்டைப் பிரித்துப் பார்த்தீர்களா?

கண்டாவளைக் கமக்காரன்:

அறக்கொட்டியான் இல்லை. நான் வரம்பில் நின்று பார்த்தேன். பட்டிதான்.

நெடுங்கேணிப் பிள்ளை:

வரம்பில் நின்றால் அடித்தூர் தெரியாது ஐயா. குனிந்து தட்டிப் பார்க்க வேண்டும்.

கண்டாவளைக் கமக்காரன்:

முப்பத்திரண்டு காலபோகம்.

வான்மதியன்:

தங்கச்சிக்கும் அண்ணைக்குமே ஒத்துவரவில்லை. ஒருவர் மழை என்கிறார், ஒருவர் பூச்சி என்கிறார், இடையில் மாடு. இங்கிலாந்திலும் இதே கூத்துத்தான் நடந்தது. டெரன்ஸ் மீடன் என்ற வானிலை ஆய்வாளர் சுழல்காற்று என்றார். பிறகு வட்டத்தோடு கோடும் முக்கோணமும் வந்ததும் அவர் பாடு திண்டாட்டம். ஆளுக்கொரு விளக்கம் சொல்பவர்களை அறிவாளிகள் என்கிறீர்கள், நான் ஒன்றையே சொல்கிறேன், என்னைப் பைத்தியம் என்கிறீர்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிகிறது. அதை நம்பிக் கும்பிடுபவர்கள்தானே நீங்கள் எல்லோரும்? அங்கே வராத கேள்வி இங்கே ஏன் வருகிறது?

கண்டாவளைக் கமக்காரன்:

அம்மனை இதற்குள் இழுக்காதே. இதுவரை "நீர்" என்று மரியாதையாக எழுதினேன். வைகாசி விசாகத்துக்கு நடந்து போகிறவன் நான், நீ டிரோன் விடப் போகிறவன். டக்கும் டேவும் பலகை பிடித்ததும் அம்மன் விளக்கும் உனக்கு ஒன்றா?

வான்மதியன்:

கேள்விக்குப் பதில் இல்லாதபோது கோபம் வரும், தெரியும்.

குளக்கட்டுக் குரங்கு:

டக்கின் மனைவி கதையைச் சொல்லட்டுமா? கார் இரவில் இத்தனை மைல் ஓடியிருக்கிறதே, இவருக்கு வெளியில் ஒரு தொடுப்பு இருக்கிறது என்று அந்த அம்மா சந்தேகப்பட்டாராம். மனிதர் கடைசியில் வீட்டில் உண்மையைச் சொல்லித்தான் தப்பினார். கண்டாவளை ஆண்கள் இரவில் தண்ணீர் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கே போகிறார்கள் என்று நம் வீட்டுப் பெண்களும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

முள்ளியவளை – சுவிண்டன்:

வான்மதியனுக்கு: நீங்கள் சொன்ன 1996 ஸ்டோன்ஹெஞ்ச் வட்டம் பட்டப்பகலில் வந்தது என்பது வழியில் போனவர்கள் சொன்னது. அது முந்தைய இரவே மூன்று பேர் போட்டது என்று பின்னர் சொல்லப்பட்டது. காலையில் தெருவில் போனவர்களுக்கு வயல் மட்டத்தில் இருந்து தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காமலே தருகிறேன். நெல்வயலிலும் வந்திருக்கிறது. 2011 ஜனவரியில் இந்தோனேசியாவில், யோக்யகார்த்தாவுக்குப் பக்கத்தில் சிலெமான் என்ற இடத்தில். அழகான கணித உருவம். ஊர் திரண்டது, வரம்பில் கடலை விற்றார்கள். அந்த நாட்டு விண்வெளி நிறுவனமே வந்து பார்த்துவிட்டு, மனிதர் செய்தது என்று சொன்னது. உங்கள் கண்டாவளை வட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மன்னிக்க வேண்டும், எருமை புரண்ட இடம் மாதிரி இருக்கிறது.

வான்மதியன்:

அந்த இந்தோனேசிய வயலில் தாள் முறிந்ததா, வளைந்ததா?

முள்ளியவளை – சுவிண்டன்:

அதைப் பற்றி நான் பேசவில்லை.

வான்மதியன்:

நான் அதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். முதல் நாளிலிருந்து.

கண்டாவளைக் கமக்காரன்:

எருமை புரண்ட இடமா? நேரில் வந்து பார்க்காமல் எங்கள் வயலை எருமை புரண்ட இடம் என்று எழுத உமக்கு என்ன துணிவு? படத்தில் வட்டம் சுத்தமாக இருக்கிறது. கவராயம் வைத்துப் போட்டதுபோல் இருக்கிறது.

குளக்கட்டுக் குரங்கு:

கமக்காரன் அண்ணை கட்சி மாறிவிட்டார்.

கண்டாவளைக் கமக்காரன்:

மாறவில்லை. பட்டி வட்டம் என்று சொல்கிறேன். வட்டம் வட்டமாக இருப்பதால்தான் அது பட்டி.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்குப் பாடசாலை இல்லையே என்று வருந்துகிறேன்.

கண்டாவளைக் கமக்காரன்:

வாத்தியார், நீங்கள் வரையறை, வரையறை என்று கேட்டதைத் தவிர இந்த நான்கு நாட்களில் என்ன செய்தீர்கள்? ஒரு பக்கம் நிற்கவேண்டும். மதில்மேல் பூனையாக இருந்துதான் ஓய்வூதியம் வரை வந்தீர்கள்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

என் ஓய்வூதியத்தில் கைவைத்த பிறகு இங்கே இருப்பது முறையல்ல. போகுமுன் ஒன்று: 1992இல் இக்நோபல் என்ற கேலிப்பரிசை இயற்பியலுக்காக டக்குக்கும் டேவுக்கும் கொடுத்தார்கள். கண்டாவளைக்கும் அந்தப் பரிசு வரும். இருவருக்கும் பிரித்துத் தருவார்கள்.

வான்மதியன்:

வட்டத்தின் நடுவில் இருந்து பிடுங்கிய தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பையில் கட்டி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து கணுவைப் பார்க்கலாம்.

நெடுங்கேணிப் பிள்ளை:

வட்டத்துக்கு வெளியில் நின்ற தாளும் வைத்திருக்கிறீர்களா? ஒப்பிட வேண்டுமே.

வான்மதியன்:

வெளியில் நின்ற தாளைப் பிடுங்க வயல்காரர் விடவில்லை.

கண்டாவளைக் கமக்காரன்:

நாளை காலை ஆறு மணிக்கு வயலுக்கு வா. தங்கச்சியும் வரட்டும். வெளித்தாளை நான் பிடுங்கித் தருகிறேன், வயல்காரர் என் சகலன்தான். எல்லோர் முன்னாலும் முறித்துக் காட்டுகிறேன். பச்சைத் தாள் முறியாது.

தருமபுரம் அறுவடை:

பேச்சுக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த வயலை இன்று மத்தியானம் வெட்டிவிட்டோம். மழை திரும்பவும் வரும் என்று வயல்காரர் அவசரப்படுத்தினார். சாய்ந்த இடத்தில் இயந்திரத்தைப் பதித்து, ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டு போனதில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் போய்விட்டது. அதற்குக் காசு கேட்டால், வட்டம் பார்க்க வந்தவர்களிடம் வாங்கு என்கிறார். யாரிடம் வாங்குவது?

வான்மதியன்:

ஆதாரத்தை அழித்துவிட்டீர்கள். ஆறு மணிக்கு வா என்று அழைப்பதற்கு முதலே வெட்டியாகிவிட்டது. சகலன் வயலாம். எல்லோருக்கும் விளங்கட்டும்.

கண்டாவளைக் கமக்காரன்:

எனக்கு இப்போதுதான் தெரியும். தம்பி தருமபுரம், வெட்டும்போது தாள் எப்படி வந்தது? வளைந்தா, முறிந்தா?

தருமபுரம் அறுவடை:

இயந்திரத்துக்குள் போனால் எல்லாம் முறிந்துதான் வரும் அண்ணை. என் காசு?

வான்மதியன்:

உள்ளே போகும்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

கண்டாவளைக் கமக்காரன்:

காசை என் சகலனிடம் கேள். முடியாவிட்டால் வான்மதியனிடம் கேள், இரண்டு மூட்டை ஆட்டக்காரிக்கும் சேர்த்துக் கேள்.